கட்டில் கடைக்காரரின் காது

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்கம்மா. கிசுகிசு நல்லா விழணும்," என்றார் கட்டில் கடைக்காரர், போனில்.

மறுமுனையில் ஆராய்ச்சி நிலையப் பெண். காது டாக்டரைப் பார்க்க அரைநாள் பஸ்ஸில் போகவேண்டிய ஊர்க்காரர்களுக்கு, போனிலேயே காதைச் சோதித்து, தபாலில் கருவி அனுப்பி, தூரத்திலிருந்தே சரிசெய்து தரும் ஆராய்ச்சி அது.

"நேத்துதானே சார் ஏத்தினேன்? சரி, தள்ளி நின்னு யாரையாவது மெதுவாப் பேசச் சொல்லுங்க."

வாசல் சுமைக்காரர் அழைக்கப்பட்டார். சுவரோரம் நின்று, "ஐயா, இன்னும் டீ வரல," என்று முணுமுணுத்தார்.

"விழுது," என்றார் கடைக்காரர் போனில். டீ வரவில்லை.

கேட்காத காதோடு பேரம் பேசினால் கடை தேறாது, இந்த மாதமும் வியாபாரம் படுத்தால் கல்லாவில் நான்தான் என்று மகன் கெடு வைத்திருந்தான். அப்பாவிடம் வேறு கணக்கு இருந்தது. கருவியைக் குல்லாவுக்குள் மறைத்துக்கொண்டார். காது மந்தமென்று நம்பி, வாங்க வருபவர்கள் எதிரிலேயே ரகசியம் பேசுவார்கள். விலையை எதுவரை இழுக்கலாம் என்பது தெரிந்துவிடும்.

முதலில் வந்த அம்மாள் கணவரிடம் கிசுகிசுத்தாள். "எதிர்க்கடையில பாதி விலைங்க. இவர் இறங்கலைன்னா கிளம்பிடலாம்."

கடைக்காரர் பதறி இறங்கினார்.

அடுத்து வந்தவர் மைத்துனர் காதில், "மரம் மட்டம், மாப்ள. எதிர்க்கடைக்கே போயிடலாம்," என்றார். மறுபடி இறங்கினார். கருவியை மேலும் ஏற்றச் சொன்னார். படியிலேயே கிசுகிசு விழுந்தது. படியிலேயே விலையும் விழுந்தது.

"எல்லாரும் எதிர்க்கடையையே சொல்றாங்கடா."

"அதுதான் பூட்டிக் கிடக்குதேப்பா?" என்றான் மகன்.

"அப்ப வேற எதிர்க்கடையா இருக்கும்."

மாதக் கடைசியில் கட்டில்கள் தீர்ந்திருந்தன, லாபமும்தான். மகன் கல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"யாருக்குமே தெரியாம, எல்லாத்தையும் என் காதால கேட்டேன்டா. அது எப்படிப் பொய்யாகும்?" என்றார் அப்பா.

கடைசிக் கட்டிலைத் தலையில் ஏற்றிய சுமைக்காரர் வாசலில் நின்று திரும்பினார்.

"முன்ன மாதிரி யாரும் கத்துறதில்ல பாத்தீங்களா ஐயா? 'ஐயா காதுல புது மெஷின் வச்சிருக்காரு, கிசுகிசுத்தாலே போதும்'னு சொல்லித்தானே ஒவ்வொருத்தரையும் உள்ள விடுறேன்."