கச்சைக்காரன் சாகவில்லை

எனக்கு முதலில் அநியாயம் செய்தவன் என் மச்சான் தருமலிங்கம். மனைவியின் தமையன். இதை மேலேயே எழுதிவிடுகிறேன். கடைசி வரை வாசிக்காமல் போகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. மட்டக்களப்பு ரவுனுக்குப் போய், கடையில் சொல்லிவைத்த ஒரு சீடியை வாங்கி வருவது.

யுத்த காலம்தான். ஆனால் நடுவில் கொஞ்சக் காலம் சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெடிச்சத்தம் குறைந்திருந்தது. ஆட்களை இறக்கிச் சோதிக்கிற ஆமிச் சென்றி குறையவில்லை.

தருமலிங்கம் எங்கள் ஊர்ச் சந்தியில் கொமினிகேசன் வைத்திருந்தான். வெளிநாட்டுக்குக் கதைக்கிற கடை. பெண்சாதிமார் அரபு நாடுகளில் வேலை செய்ய, புருசன்மார் இங்கே வாங்குப் பலகையில் வரிசையாக இருப்பார்கள். அவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்து, அதில் ஒரு வாள்சண்டை கேமும் போட்டான்.

அதோடு எல்லாம் கெட்டது. அங்கே பெண்சாதி “ஹலோ, ஹலோ” என்பாள். இங்கே புருசன், “கொஞ்சம் பொறு புள்ள, மதில்ல தொங்கிறன்” என்பான்.

நான் அப்போது வாவியில் இறால் பிடிக்கிறவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. கொம்பியூட்டரைத் தொடங்கவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது. தொடங்கித் தந்தால் ஓடுவேன், பாய்வேன், வெட்டுவேன்.

கேம் பழைய காலத்துக் கதை. கோட்டை, ராசா, அகழி, குதிரை. அதில் ஒரு வீரன். அவன் பெயர் இங்கிலீசில் நீளமாக இருந்தது. ஒருவருக்கும் வாயில் வரவில்லை. இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டியிருந்ததால் கச்சைக்காரன் என்றோம்.

முழு மாரியும் விளையாடி ஒரு வழியாக ராசாவைக் கொன்றோம். கடை முழுக்கக் கைதட்டல். அப்போது பார்த்து எங்கிருந்தோ ஒரு அம்பு வந்து கச்சைக்காரன் நெஞ்சில் ஏறியது. கோட்டை உச்சியிலிருந்து ஆற்றுக்குள் விழுந்தான். திரை கறுப்பானது. ஏதோ எழுத்து வந்தது.

“என்னவாம்?” என்று கேட்டோம்.

“ரெண்டாம் பாகம் வருமாம்” என்றான் தருமலிங்கம்.

“அப்ப இவன் செத்துட்டானா?”

அந்தக் கேள்விதான் ஊரை இரண்டாக்கியது.

வெளியூர்க்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கண்ணகை அம்மன் கோயிலில் கொம்பு விளையாட்டு உண்டு. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாக நின்று, வளைந்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, கயிறு கட்டி இழுக்கும். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. வென்ற பக்கம் கேலிப்பாட்டுக் கட்டிப் பாடும். தோற்ற பக்கம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். கோபிக்கக் கூடாது. எந்தச் சேரி என்பதை நாம் தெரிவு செய்வதில்லை. பிறக்கும்போதே வந்துவிடும்.

தருமலிங்கம் வடசேரி. அவன்தான் முதலில் சொன்னான்: “செத்துட்டான்.”

அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் வடசேரி முழுக்கக் கச்சைக்காரன் செத்துவிட்டான். தென்சேரி முழுக்க உயிரோடு இருந்தான். கேமைக் கண்ணாலும் காணாத கிழடுகள்கூட வேலியில் நின்று சத்தியம் செய்தார்கள்.

நான் தென்சேரி. நெஞ்சில் அம்பு ஏறி அந்த உயரத்திலிருந்து விழுந்தவன் பிழைப்பானா என்று எனக்கும் சந்தேகம்தான். ஆனால் தென்சேரி. அதனால் அவன் சாகவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் போனது வடசேரி வளவுக்குள். முன்வீடு தருமலிங்கம். பின்வீடு பெண்சாதியின் சித்தப்பா. நடுவில் நான் ஒருத்தன் மட்டும் கச்சைக்காரனை உயிரோடு வைத்திருந்தேன். சோற்றுக்கு இருந்தாலும் வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும்.

“என்ன மச்சான், உன்ட ஆள் கரையேறிட்டானா? இல்ல, மீன் திண்டுட்டா?”

ரெண்டாம் பாகம் வந்ததும் தீர்ப்பு என்று இரண்டு சேரியும் சம்மதித்தது. தோற்ற பக்கம் சந்தியில் வரிசையாக நிற்கும். வென்ற பக்கம் பாடும். கொம்புக்கு உள்ள முறைதான்.

நான் பாட்டைக் கட்டிவிட்டேன். தருமலிங்கத்தின் வழுக்கையில் தொடங்கி, அவன் போன் கடையில் நடந்து, அவன் சாப்பாட்டில் முடிகிற பாட்டு. தோணியில் போகும்போதெல்லாம் பாடிப் பழகினேன். இறால் எல்லாம் ஓடிவிட்டது.

பெண்சாதி பூமணி சொன்னாள், “பாட்டுக் கட்டினது காணும், போதும். அந்தக் கிழிஞ்ச வலையக் கொஞ்சம் பொத்துங்க.”

“உன்ட அண்ணன் சந்தியில நிக்கிற அண்டைக்குப் பொத்துறன்” என்றேன்.

கடைசியில் ரவுன் கடையிலிருந்து செய்தி வந்தது. ரெண்டாம் பாகம் வந்துவிட்டது.

ஆர் போய் எடுப்பது? வடசேரிக்காரன் போனால் மாற்றிவிடுவான் என்று தென்சேரி சொன்னது. தென்சேரிக்காரன் போனால் வழியில் போட்டுப் பார்த்துவிடுவான் என்று வடசேரி சொன்னது. கடைசியில் எல்லோருடைய விரலும் என்னைக் காட்டியது.

தருமலிங்கம் சொன்னான், “இவன் போகட்டும். இவனுக்குக் கொம்பியூட்டரத் தொடங்கவே தெரியா. எப்பிடிக் களவாப் பாக்கப்போறான்?”

முழு ஊரும் நம்பிய ஒரே ஆள் நான். காரணத்தைத்தான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

புறப்படும்போது அவன் என்னை வேலியோரம் இழுத்துப் புத்தி சொன்னான். இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். அநியாயம் இங்கேதான்.

“மச்சான், சீடியக் கையில கொண்டு வராத. வாளும் கத்தியுமாப் படம் போட்டிருக்கும். சென்றியில பறிச்சிருவானுகள். வயித்தோட வச்சு, சாரத்தக் கட்டி, மேல இடுப்புப் பட்டியப் போட்டு இறுக்கு.”

“தடவிப் பாத்தானுகள் எண்டா?”

“உன்ட வயித்த ஆரு கா தடவப்போறான்?”

தடவினான்.

போகும்போது ஒரு கரைச்சலும் இல்லை. கடைக்காரன் சீடியைத் தந்தான். சொன்ன மாதிரியே வயிற்றில் வைத்துக் கட்டினேன். பஸ் ஏறினேன். சென்றியில் எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். எனக்குப் பின்னால் பெண்சாதியின் சித்தப்பா. அவரும் ரவுனுக்கு வந்திருந்தார்.

ஆமிக்காரன் என் தோளைத் தடவினான். விலாவைத் தடவினான். வயிற்றுக்கு வந்தான். கை நின்றது. விரலால் தட்டிப் பார்த்தான்.

டொக், டொக்.

வயிறு அப்படிச் சத்தம் போடாது. அந்தக் காலத்தில் வயிற்றில் எதையாவது கட்டிக்கொண்டு சென்றிக்கு வந்தால் என்ன நினைப்பார்கள் என்பதை நான் தருமலிங்கத்தின் வேலியோரத்தில் யோசித்திருக்க வேண்டும்.

அவன் கத்தினான். எனக்குப் பின்னால் நின்ற சனம் ஒரே பாய்ச்சலில் பின்னுக்குப் போனது.

“இவர் உங்கட ஆளா?” என்று ஆரோ கேட்பது கேட்டது.

“ஆரோ தெரியா” என்றது ஒரு குரல். சித்தப்பாவின் குரல்! போன கிழமைதான் என் வீட்டில் இறால் குழம்பு தின்றவர்.

ஒரு ஆமிக்காரன் கையைத் தூக்கு என்று காட்டினான். மற்றவன் பட்டியைக் கழற்று என்று காட்டினான். கையைத் தூக்கினால் பட்டியைக் கழற்ற முடியாது. பட்டிக்குக் கை போனால் முதலாமவன் துவக்கைத் தூக்குகிறான். எனக்கு இரண்டு கைதான். ஒன்றை மேலே விட்டு, ஒன்றால் பட்டியை இழுத்தேன்.

பட்டி கழன்றது. சாரமும் கூடவே போனது.

சீடி டப்பென்று விழுந்தது. நான் உள்ளே போட்டிருந்த களிசானோடு நின்றேன்.

அந்தக் களிசானைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோதுமை மாப் பையில் பூமணி தைத்தது. எத்தனை தரம் தோய்த்தாலும் எழுத்துப் போகவில்லை. பின்பக்கத்தில் பெரிதாக இங்கிலீசில் ஏதோ இருக்கும். அது என்ன என்று நான் ஒருநாளும் ஒருவரையும் கேட்டதில்லை. அன்றைக்கு வரிசையில் நின்ற ஒரு படித்த மனிசன் எல்லோருக்கும் கேட்கத் தமிழில் வாசித்தார்.

“கொக்கி போட்டுத் தூக்க வேண்டாம்.”

பயந்து பின்னால் போன சனம் சிரித்துக்கொண்டு முன்னால் வந்தது.

சத்தம் கேட்டு சார்ஜன் வெளியே வந்தார். கட்டை மீசை, பெரிய உடம்பு. சீடியைக் குனிந்து எடுத்தார். படத்தைப் பார்த்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

“தெக்கத?” என்றார். இரண்டு விரலைக் காட்டினார்.

எனக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்கவும் சீனி வாங்கவும் போதுமானது. அதற்குள் இந்தச் சொல் இருந்தது.

“ஓம் சேர்! தெக்க! ரெண்டாம் பாகம்!”

உள்ளே பார்த்து ஏதோ கூப்பிட்டார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் முகத்தில் பாதி சவர்க்கார நுரை. பாதிச் சவரத்தில் வந்திருந்தான்.

அவர்களும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

சார்ஜன் தனக்குத் தெரிந்த தமிழில் என்னைக் கேட்டார். “முதல் பாகம் கடைசி... அவன் செத்தது? செத்தது இல்லை?”

துவக்குக்குப் பயந்து நின்றவன்தான் நான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டால் தென்சேரிக்காரன் எப்படிச் சும்மா நிற்பான்?

“செத்தது இல்ல சேர்! தண்ணிக்குள்ள விழுந்தது! நீந்தினது!” என்று இரண்டு கையாலும் காற்றில் நீந்திக் காட்டினேன். களிசானோடு.

சார்ஜன் என் முதுகில் ஒரு அறை விட்டார். “மங் கிவ்வா!” என்று நுரைக்காரனைப் பார்த்துக் கத்தினார். நான் அப்பவே சொன்னேனே என்பதாக இருக்க வேண்டும். பூமணிக்கும் அதைச் சொல்லும்போது அதே முகம்தான்.

நுரைக்காரன் விடவில்லை. நெஞ்சில் அம்பு ஏறினது போல் பிடித்து, நாக்கைத் தள்ளி, கண்ணைச் செருகிக் காட்டினான். வடசேரி அங்கேயும் இருந்தது.

சோதிக்க வேண்டும் என்று சொல்லிச் சீடியை உள்ளே கொண்டுபோனார்கள். ஆட்களின் பெயர் பதிகிற கொம்பியூட்டர் இருந்தது. பெயர் பதிவு நின்றது. வரிசை நின்றது. நான் சாரத்தை அள்ளிக் கட்டிக்கொண்டு யன்னல் கம்பியில் தொங்கினேன். ஒருவரும் போ என்று சொல்லவில்லை.

திரையில் ஆறு வந்தது. தண்ணீர் கலங்கியது. குமிழி. ஒரு கை மேலே வந்து கல்லைப் பிடித்தது. ஒருவன் மெல்லக் கரையேறி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எழும்பினான். இடுப்பில் சிவப்புக் கச்சை!

“ஆஆ!” என்று கத்தினேன். சார்ஜனும் கத்தினார். ஓடி வந்து யன்னலுக்கு வெளியே நின்ற என்னைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிப்பிடித்தார். கட்டியிருந்த சாரம் மறுபடியும் இறங்கியது. பரவாயில்லை. தென்சேரி வென்றது!

திரையில் இருந்தவன் முகத்தைத் திருப்பத் தொடங்கினான்.

கரண்ட் போனது.

“ஐயோ!” என்றோம் நாலு பேரும். அந்த ஒரு சொல்லை மட்டும் ஒருவரும் ஒருவருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

சீடி பெட்டிக்குள். கரண்ட் இல்லாமல் பெட்டி வாய் திறக்காது. சார்ஜன் அதைத் தட்டினார், குலுக்கினார், கத்தி முனையால் நெம்பினார். கடைசியில் கையை விரித்து, “நாளை வா” என்றார். எனக்குக் குடிக்க ஒரு பிளேன்ரீயும் தந்தார்.

அதற்குள் வரிசையை விட்டுவிட்டார்கள், பஸ்ஸும் போய்விட்டது. நடந்துதான் வந்தேன். ஆனால் பாட்டைப் பாடிக்கொண்டு வந்தேன்.

சந்தியில் இரண்டு சேரியும் காத்து நின்றது. எனக்கு முன்னமே சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். அவர் சும்மா வரவில்லை என்பது எல்லோருடைய பல்லிலும் தெரிந்தது.

“கச்சைக்காரன் சாகல்ல! என்ட கண்ணால கண்டன்!” என்றேன்.

“சீடி எங்க?” என்றான் தருமலிங்கம்.

“சென்றியில.”

“ஆரு சாட்சி?”

“சார்ஜன்.”

“கூட்டிற்று வா.”

“நாளைக்குத் தருவாரு கா!”

“முகத்தப் பாத்தியா?”

“சிவப்புக் கச்சையப் பாத்தன்.”

“கச்சைய ஆரும் கட்டலாம் மச்சான். நீ மாப்பை கட்டினாப்போல.”

சந்தி சிரித்தது. வடசேரி மட்டும் என்றால் பொறுப்பேன். தென்சேரியும் சிரித்தது.

பிறகு நடந்ததுதான் முறைகேடு. தோற்றவர்கள் பாட்டுக் கட்டிவிட்டார்கள். மாப்பைக் களிசானைப் பற்றி, அந்த இடத்திலேயே, தாளத்தோடு! கொக்கி போட்டுத் தூக்க வேண்டாம் என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வருகிற அடி. வீட்டுக்குப் போனால் பூமணி அடுப்படியில் அதையே முணுமுணுக்கிறாள்.

அடுத்த நாள் ஏதோ பிரச்சினை என்று பாதையைப் பூட்டினார்கள். பாதை திறந்தபோது அந்தச் சென்றியில் வேறு ஆட்கள். சார்ஜனும் இல்லை, சீடியும் இல்லை. பிறகு மறுபடியும் சண்டை வந்தது. கொமினிகேசனும் போனது, ஆட்களும் இடம்பெயர்ந்தார்கள். திரும்பி வந்தபோது ஒருவரும் கச்சைக்காரனைக் கேட்கவில்லை. எனக்கு மட்டும் அவன் அயத்துப் போகவில்லை, மறக்கவே இல்லை.

இப்போது என் மகளின் போனில் அந்தக் கேம் முழுக்கக் கிடக்கிறது. ஆரோ விளையாடிப் படமாகப் போட்டிருக்கிறார்கள். ஆறு, குமிழி, கை, கச்சை. அவன் திரும்புகிறான். அவன்தான்! அதே முகம், அதே தாடி!

அதைக் கண்ட அன்றைக்கே போனைத் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக்குப் போனேன்.

“மச்சான், இந்தா பார்.”

“எனக்குக் கண் தெரியல்ல மச்சான். பூ விழுந்திரிக்கு” என்றான் தருமலிங்கம்.

சரி, பொறுத்தேன். போன மாதம் கண் ஒப்பரேசன் செய்தான். நான்தான் ஆசுபத்திரிக்குக் கூட்டிப் போனேன். அவனுடைய மருமகளைவிட நான்தான் அவன் கண்ணுக்கு நேரம் தவறாமல் மருந்து விட்டேன். கட்டு அவிழ்த்த அன்று போனை முகத்துக்கு நேரே பிடித்தேன். தப்ப வழியில்லை. முழுவதும் பார்த்தான்.

“மூண்டாம் பாகமும் வருதாமே?” என்றான்.

“ஓம். வருதாம் எண்டுதான் சொல்றானுகள்.”

“அதுல செத்திருவான், பார்.”

“அதப் பிறகு பாப்பம். இப்ப எழும்பு. சந்திக்கு வா. என்ட பாட்ட நிண்டு கேளு.”

கையைக் காதோரம் குவித்துக்கொண்டு அவன் என்னைப் பார்த்தான்.

“என்ன மச்சான் சொல்றாய்? எனக்கு இப்பக் கொஞ்ச நாளாக் காது கேக்கிறல்ல.”