ஒரு கேன் நல்ல தண்ணீர்

ஊரைத் திருத்துமுன் வீட்டைத் திருத்துவது என்று முடிவு செய்தேன். வேறு வழியில்லை. குடிநீர் வாரியத்தில் நான் மக்கள் தொடர்பு அலுவலர். கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீராகத் தரும் திட்டத்துக்கு எங்கள் தெருவில் பலத்த எதிர்ப்பு. எதிர்ப்புக் குழுத் தலைவி என் மனைவி.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உங்க தெரு ஒத்துக்கணும். இல்லன்னா உங்களைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கே மாத்திடுவேன்," என்றார் மேலதிகாரி.

வீட்டில் பேசிப் பார்த்தேன்.

"சோதனைக்கூடத்துல பாஸான தண்ணிம்மா!"

"பாஸாகட்டும். எங்கேர்ந்து வந்துச்சு?"

"எல்லாத் தண்ணியும் எங்கேயோ இருந்துதானே வருது?"

"எங்கேயோன்னு மழுப்பாதீங்க. எங்கேன்னு வாயைத் திறந்து சொல்லுங்க."

சொல்ல முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே சூழ்ச்சியில் இறங்கினேன். அந்தத் தண்ணீரையே ஒரு கேனில் கொண்டுவந்து, "நல்ல தண்ணி, டீக்கு மட்டும் வச்சுக்கோ," என்றேன். மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் அவள் டீயை ரசித்துக் குடித்தாள். நான் அதைப் பார்த்து ரசித்தேன். எனக்கு மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லி, உயிரான டீயையே விட்டு, அவள் நிரப்பித் தந்த பாட்டில் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டேன். திட்டத்தில் எனக்கு முழு நம்பிக்கை உண்டு. நாக்குக்குத்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. தெருவே கூடியிருந்தது. எழுந்தேன்.

"உங்க தலைவியம்மா ஒரு வாரமா அந்தத் தண்ணியிலதான் டீ குடிக்கிறாங்க! ஏதாவது ஆச்சா?"

மனைவி நிதானமாக எழுந்தாள்.

"நான் குடிச்சது குழாய்த் தண்ணி டீ."

"அப்போ கேன் தண்ணி?"

"நீங்களா கேன் தூக்கிட்டு வந்தீங்க. டீப் பைத்தியம் அன்னிக்கே டீயை விட்டா பொண்டாட்டிக்குச் சந்தேகம் வராதா? கேன் தண்ணி பூரா உங்க பாட்டில்லதான் ஊத்தினேன்."

அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. தண்ணீர் சுத்தமானதுதான். அதை நான்தான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். வயிறு கேட்க வேண்டுமே!

"குடிச்சுப் பார்த்த அதிகாரியோட மூஞ்சியைப் பாருங்க. இனிமே பேச்சு எதுக்கு?" என்றாள் அவள். "திட்டம் வேண்டாங்கறவங்க கையைத் தூக்குங்க!"

ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, வெளியே ஓட வழி கேட்டு மறு கையை உயர்த்தினேன்.

"எழுதிக்கோங்க," என்றாள் மனைவி. "முதல் ஓட்டு எங்க வீட்டுக்காரரோடது."