கூட்டறிக்கை சார்

தென்கிழக்காசியாவில் சண்டையே வராமல் தடுக்கப் பிறந்த ஒரே மனிதர் எங்கள் கூட்டறிக்கை சார்தான். ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவரும் நானும் ஒரே அறையில் விரிவுரையாளர்கள். வட்டார நாடுகளின் ராஜதந்திரம், பாதுகாப்பு, மேம்பாடு என்று அவர் துருவாத விஷயம் கிடையாது. யார் தகராறு செய்தாலும் ஓர் அறிக்கை எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து கேட்பார். ஒருவர் போடாவிட்டாலும் அறிக்கை செல்லாது. அதுதான் அவர் சட்டம்.

அறை ஏர்கான் எனக்கு இருபது டிகிரியில் ஓடவேண்டும், அவருக்கு இருபத்தாறில். மூன்று வாரம் பேச்சுவார்த்தை நடத்தி, 'குளிரின் அவசியத்தை இரு தரப்பும் மீண்டும் உறுதி செய்தன' என்று எழுதி நீட்டினார். நானும் கையெழுத்துப் போட்டேன். ஏர்கான் கெட்டுப்போய் அதற்குள் பத்து நாளாகியிருந்தது.

அவர் இருந்த தாமான் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் அடித்துக்கொண்டார்கள். சார் காகிதமும் கையுமாக நடுவில் போய் நின்றார். இருவரும் சேர்ந்து அவரைத் திட்டி விரட்டினார்கள். மறுநாள் அவர் முகமெல்லாம் பூரிப்பு.

"ரெண்டு பேரும் ஒரே குரல்ல ஏசுனாங்க தம்பி. இதான்லா ஒருமித்த கருத்து."

சிரித்தோம். அந்தப் பாழாய்ப்போன ஒருமித்த கருத்துதான் அவருக்கு எமனாக வந்தது. வட்டார நாடுகளைப் பற்றி அவர் பதினைந்து வருடம் உழைத்த புத்தகம் முடிந்து மேசையில் கிடந்தது. அந்த எல்லா நாட்டு அதிகாரிகளும் படித்து ஒப்புக்கொண்டால்தான் அச்சுக்குப் போகும் என்று உட்கார்ந்துவிட்டார். ஒரே ஒரு நாட்டிலிருந்து பதில் வரவில்லை.

"அலமாக்! அச்சுக்கு அனுப்பிடுங்க சார். புக்கு வரலன்னா கான்ட்ராக்ட் போயிரும்."

"ஒருத்தர விட்டுட்டுப் போனா அது எப்படி தம்பி வட்டாரம்?"

புத்தகம் வரவில்லை. துறைக் கூட்டத்தில், அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டாம் என்றார் தலைவர். யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்றும் கேட்டார். ஒரு கை உயர்ந்திருந்தால் முடிவு தள்ளிப்போயிருக்கும். எனக்கும் அடுத்த மாதம் ஒப்பந்தம் முடியவிருந்தது. தட்டில் இருந்த கறிபாப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட பிழைப்பு. இன்றுவரை அந்தக் கறிபாப் எனக்குச் செரிக்கவில்லை.

சார் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைசி நாள், அட்டைப்பெட்டிகளோடு குளுவாங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பியவர், என் மேசையில் ஒரு தாளை வைத்தார்.

'இந்த அறையின் இரு தரப்பும் நட்புணர்வோடு பிரிய ஒப்புக்கொண்டன. ஒரு தரப்பு மௌனம் காத்தது. அதன் நெருக்கடியை மறு தரப்பு புரிந்துகொண்டது.'

கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் எனக்கு இடம்.

"நெதானமா போடுங்க தம்பி. அவசரமில்ல."

அவர் நாற்காலியில் இப்போது வேறொருவர் உட்காருகிறார். தாள் என் இழுப்பறையில் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன். நான் போடாதவரை, அவர் சட்டப்படி, நாங்கள் இன்னும் பிரியவில்லை.