கரையான் தின்ற பெயரும் கேள்விக்குறியும்

பினாங்குத் தீவில் கேள்விக்குறியைப் போல இன்னொரு சந்தேகப் பிராணி பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும், இவரைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அடுத்த ஃபெரியிலேயே எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கு ஓடியிருக்கும்.

கேள்விக்குறி என்பது பட்டப்பெயர்; அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஒரு முறை கேட்டேன். "ஐசி அடையாளக் கார்டுல ஒரு பேரு இருக்கு. பதிஞ்ச ஆபீஸ் கிராணி காதுல ஒழுங்கா விழுந்துச்சோ என்னமோ, யாரு கண்டா?" என்றார்.

நாங்கள் இருவரும் ஜார்ஜ் டவுனில் ஒரு மாடி அறையில், பழைய தமிழ்க் கையெழுத்து நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பார்த்தோம். வெறுமனே டைப் அடித்தால் தீராது. கம்ப்யூட்டருக்குப் பாட்டும் தெரியாது, வசனமும் தெரியாது. நாம்தான் குறி போட்டுச் சொல்ல வேண்டும். பாட்டு தொடங்கும் இடத்தில் ஒரு குறி, முடியும் இடத்தில் ஒரு குறி. ஆள் பெயருக்கு ஒன்று, ஊர்ப் பெயருக்கு ஒன்று. எழுதியவர் கோடு போட்டு அடித்த சொல்லுக்கு ஒன்று, அதன் மேலே சேர்த்ததற்கு ஒன்று. கரையான் தின்ற இடத்தில் நாமே ஒரு சொல்லை இட்டு நிரப்பினால் அதற்கும் குறி உண்டு. பக்கத்தில் 'எவ்வளவு நிச்சயம், யார் பொறுப்பு' என்றும் எழுத வேண்டும். கேள்விக்குறி எல்லாவற்றுக்கும் 'நிச்சயம்: குறைவு' என்றே போடுவார். சுங்கை பினாங் என்று ஊர்ப் பெயர் பளிச்சென்று எழுதியிருந்தாலும், "எந்தச் சுங்கை பினாங்? பாலேக் பூலாவ் பக்கத்துலயும் ஒண்ணு இருக்குலா, தம்பி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டத்தோ கிராமாட்டிலிருந்து லெட்சுமி அக்கா ஒரு நாடகப் பாட்டு நோட்டைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தன் அப்பா முத்தையா எழுதியது என்றார். முதல் பக்கத்தில் 'முத்' வரைதான் இருந்தது. மிச்சத்தைக் கரையான் தின்றுவிட்டது. அதே நாடகக் குழுவில் ஹார்மோனியம் வாசித்த முத்துசாமியின் பிள்ளைகளோ, அது எங்கள் அப்பா நோட்டு என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். இந்த நோட்டுகளை வைத்து நடக்கப்போகும் கண்காட்சியில் யார் பெயரை வைப்பது?

அக்கா அடுத்த முறை கறிபாப் பலகாரம் கொண்டுவந்தார். "இன்னிக்கு என்னா விசேஷம்? எதுக்குக் கறிபாப்பு?" என்று கேள்விக்குறி முறைத்துவிட்டு நகர்ந்தார். நான் நான்கு தின்றேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யலாமா? குறியும் போடாமல், சந்தேகமும் சொல்லாமல், 'முத்தையா' என்று டைப் அடித்துவிட்டேன்.

மறுநாளே கேள்விக்குறி பிடித்துவிட்டார். "தாள்ல 'முத்' மட்டுந்தான் இருக்கு. மீதிய நீ பெத்தியா?"

நேரம் பார்த்து அக்காவும் படியேறி வந்து சேர்ந்தார். கேள்விக்குறி பெயரை எடுக்கப் போகிறார் என்றதும் அவரைப் பிடித்துக்கொண்டார். "எங்கப்பாவ நம்ப மாட்டீங்களா?"

"ஒங்கப்பாவ நம்பறேம்மா. இந்தக் கரையானத்தான் நம்ப முடியல."

"மூட்டை தூக்குன கையால எழுதுனாருண்ணே! பேரில்லாத அனாதையாவா வைக்கப் போறீங்க?" அக்கா அழ ஆரம்பித்தார். நான் உள்ளுக்குள் கேள்விக்குறியைக் கண்டபடி திட்டினேன்.

அவரோ, ஒரு பொய் சொன்னவன் ஒன்பது சொல்லியிருப்பான் என்று நோட்டையும் என் ஃபைலையும் வரி வரியாக ஒத்துப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். தாலாட்டுப் பாட்டில் விரல் நின்றது.

"இங்க ஒரு சொல்ல அடிச்சுட்டு மேல 'செல்லமணி'ன்னு எழுதிருக்கு. அடிச்சத நீ ஏத்தவே இல்லியே?"

"அவரே வேணாம்னு அடிச்சதுண்ணே."

"அவரு எழுதுனவரு, அவரு அடிக்கலாம். நீ யாரு?"

நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டினார். "குண்... குண்டுமணி... கண்ணுறங்கு."

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. "அது நாந்தாண்ணே. அப்பா வச்ச பேரு. வீட்டத் தாண்டி யாருக்கும் தெரியாது."

அடடா, முடிந்தது என்று நினைத்தேன். கேள்விக்குறியாவது, விடுவதாவது! என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "வீட்டுல வேற யாரு இருக்கா?"

பட்டர்வொர்த்தில் இருக்கும் லெட்சுமி அக்காவுடைய அக்காவுக்குக் கேள்விக்குறியே தன் போனில் ஸ்பீக்கர் போட்டு அழைத்தார். "வணக்கம்மா. ஒங்க தங்கச்சி லெட்சுமிய வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"யாருயா நீ? ஏமாத்துற ஸ்கேமரா? எங்கிட்ட ஒரு வெள்ளி காசு கூட இல்லலா!"

"காசு வேணாம்மா. பேரு மட்டும் சொல்லுங்க."

"பேரச் சொன்னா பேங்க்ல உள்ளதெல்லாம் உருவிடுவீங்க, தெரியாதா?"

கேள்விக்குறியையே சந்தேகப்பட ஒரு ஆத்மா! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்க தங்கச்சி இங்கதான் இருக்காங்க, அழுவறாங்க" என்றார் பாவம், வேறு வழி தெரியாமல்.

அந்தப் பக்கம் ஒரு அலறல். "ஐயோ, குண்டுமணிக்கு என்னா ஆச்சு? குண்டுமணிகிட்ட போனக் குடு!"

அவர் போனை அக்காவிடம் நீட்டினார். அப்புறம் என் நாற்காலியில் உட்கார்ந்து, 'முத்'துக்குப் பக்கத்தில் 'தையா' என்று தானே டைப் அடித்து, இட்டு நிரப்பியது என்று குறி போட்டு, 'நிச்சயம்: உயர்வு' என்று எழுதினார். பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரைப் போடவில்லை, தன்னுடையதைப் போட்டுக்கொண்டார்.

போனை வைத்த லெட்சுமி அக்கா, "அந்தப் பாட்ட ஒருக்கா வாசிங்கண்ணே" என்றார். கேள்விக்குறி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். செல்லமணி என்று திருத்தியிருந்ததை விட்டுவிட்டு, அடித்திருந்த குண்டுமணியையே வாசித்தார். அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.