நாற்பது நாளும் ஒரே பச்சைச் சேலை

முருகன் துணை

பள்ளங்கி, கொடைக்கானல் மலை,
புதன்கிழமை காலை.

பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கும் என் மதினி சண்முகவள்ளி அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி குப்பம்மாள் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், இரண்டு பசு, ஒரு கன்று எல்லோரும் முருகன் கிருபையில் நலம். உங்கள் தம்பியும் இடது முழங்கால் நீங்கலாக நலம். அங்கே நீங்கள் நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நாற்பது நாளாகத் தினமும் சாயங்காலம் உங்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

பயந்துவிடாதீர்கள் மதினி, விவரமாகச் சொல்கிறேன். உங்கள் தம்பியின் முழங்கால் குணமாக வேண்டும் என்று நாற்பத்தெட்டு நாள் தங்கத்தேர் தரிசனம் செய்வதாக வேண்டிக்கொண்டேன். வேண்டிய பிறகுதான், நடக்க முடியாத மனிதரை எப்படி மலையிறக்கிப் பழனிக்குக் கூட்டிவருவது என்ற நினைப்பே வந்தது. டிவியில் ஒரு பக்தி சேனல் தேரைக் காட்டுகிறது. ஆனால் எங்கள் ஊரில் மஞ்சு வெள்ளைப் புகையாக இறங்கிவிட்டால் கூரை மேல் இருக்கும் டிஷ் குருடாகிவிடும், தேர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் புள்ளியாகப் பறக்கும். கோயமுத்தூரில் வேலை பார்க்கும் எங்கள் ரம்யா, ஊருக்கு வந்தபோது தன் பழைய கம்ப்யூட்டரை, ஜன்னல் அளவு திரையோடு, இங்கே வைத்துவிட்டுப் போனாள். "எச்.டி.ல பாரும்மா. சாமி கழுத்து மாலைல எத்தனை பூன்னு எண்ணலாம்" என்றாள்.

சாமி வந்து இறங்குகிற இடமாயிற்றே என்று மேசையை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, சிவப்புத் துணி விரித்து, கீழே கோலம் போட்டேன். திரைக்கு நேராக யாரும் கால் நீட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். உங்கள் தம்பிக்கோ காலை மடக்க முடியாது. அதனால் காலைச் சுவர்ப் பக்கம் நீட்டி உட்காரவைத்தேன். "பொட்டிக்குள்ளயா வந்து சாமி உக்காரும்? சோலியப் பாருடி" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

முதல் நாள் பக்கத்து வீட்டுக் காளியாயியும் இன்னும் மூன்று பேரும் பூண்டு உரிக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் குளித்து வந்து நின்றார்கள். தேர் புறப்படும் முன் தீபாராதனை. தட்டு மேலே போயிற்று, நாங்கள் கையைத் தலைக்கு மேல் குவித்தோம், அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. ஒரு சின்ன வட்டம் மட்டும் சுற்றுகிறது. தட்டு இறங்காமல் நாம் கையை இறக்கலாமா? நின்றோம். திறந்திருந்த வாசல் வழியே மஞ்சு உள்ளே வந்து எங்கள் காலையெல்லாம் மூடியது. கீழே மேகம், மேலே அசையாத தீபம், நடுவில் நாங்கள் ஐந்து பேர். ஒரு நிமிஷம் நிஜமாகவே கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம் என்றே நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாடை வந்ததும்தான் வீடு என்று தெரிந்தது. "ஏத்தா, அந்தப் பூசாரிக்குக் கை வலிக்காதா?" என்று காளியாயி கேட்டாள். கடைசியில், கும்பிடாமல் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பிதான் மகளுக்குப் போன் போட்டார். "ஏ ரம்யா, உங்காத்தாவும் நாலு பொம்பளைகளும் போலீசு புடிச்ச மாதிரி கையத் தூக்கிக்கிட்டு நிக்குதுக. வெரசா ஏதாச்சும் செய்யி."

அவள் கோயமுத்தூரில் இருந்தபடியே எங்கள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள். அம்புக்குறி தானாக நகர்ந்ததைப் பார்த்துக் காளியாயி வீட்டுக்கே போய்விட்டாள். மறுநாள் திரையில் மஞ்சளாக ஒரு பொட்டு புதிதாக இருந்தது. "இனிமே இத மட்டும் ரெண்டு தட்டு தட்டும்மா, நிக்காது" என்றாள் ரம்யா. அன்றிலிருந்து ஒரு நாள்கூட நிற்கவில்லை. நான்தான் எதையும் நோட்டில் எழுதுகிறவள் ஆயிற்றே, எத்தனை ஜி.பி. செலவாகிறது என்றும் எழுதினேன். முதல் நாள் மூன்று. அதன் பிறகு தினமும் சைபர். முருகன் தேருக்கு வழியே தனி என்று பக்கத்தில் குறித்துவைத்தேன். பூவையும் எண்ணினேன் மதினி. தொண்ணூற்று மூன்று. மறுநாளும் தொண்ணூற்று மூன்று. கட்டுகிற கைக்கு என்ன நிதானம் என்று வியந்துபோனேன். இங்கே மழை கொட்டுகிற நாளில்கூட அங்கே தூறல் இல்லை. முன்வரிசையில் வருகிற வழுக்கைத் தலைக்காரர் தேர் திரும்புகிற இடத்தில் தினமும் கொட்டாவி விடுகிறார். விட்டாலும் ஒரு நாள் தவறாமல் வருகிறாரே, அந்தப் பக்தியைச் சொல்லவேண்டும்.

மூன்றாம் நாள் தேருக்கு இடது கைப்பக்கம், விளக்குக் கம்பத்தின் அடியில் உங்களைப் பார்த்தேன். பச்சைச் சேலை, மாங்காய்க் கரை. மூக்குத்தியில் ஒரு கல் விழுந்திருப்பதுகூடத் தெரிந்தது. நீங்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பி நேராக எங்கள் வீட்டுக்குள் பார்த்தீர்கள். "மதினி நிக்குது" என்றேன். அவர் சுவரிலிருந்து கழுத்தை மட்டும் திருப்பினார். தேர் திரும்புகிறவரை திரையையே பார்த்தார். அப்புறம், "அக்கா எளச்சுருக்கு" என்றார்.

ஆறு வருஷமாக அவர் வாயில் வராத சொல் அது. உங்கள் பெண் ஸ்வேதாவின் சடங்குக்குத் தாய்மாமன் சீராக அவர் கொண்டுவந்த அரை மூட்டை மலைப்பூண்டைச் சீர்த்தட்டில் வைக்காமல் சமையல்கட்டுக்கு அனுப்பினார்கள் என்று கோபித்துக்கொண்டு மலையேறியவர், உங்கள் நம்பரை என் போனிலிருந்தும் அழித்தவர். போன மாதம் ஸ்வேதா கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்ததும், "தாய்மாமனுக்குத் தபால்ல பத்திரிகையா?" என்று கேட்டு, கம்ப்யூட்டர் மேசை ஆடாமல் இருக்க அதன் காலடியில் மடித்துவைத்தவர்.

அவர்தான் மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். கழுத்து பிடித்துக்கொண்டது, அப்படியும் விடவில்லை. வெளியே காடு, பாதை, எதிர்வீடு எல்லாம் மஞ்சுக்குள் போய்விடும். வீடு தண்ணீரில் மிதப்பது போலிருக்கும். அதற்குள் தங்கமாக ஒரு தேர் சத்தமில்லாமல் நகரும், நீங்கள் கண்ணைத் துடைத்துத் திரும்பிப் பார்ப்பீர்கள். "என்னையத்தான் பாக்குது" என்பார். பத்தாம் நாள், "நேத்தும் இந்தச் சேலைதானே?" என்றார். இருபதாம் நாள், "அதுக்கு வேற சேல இல்லையாடி?" என்றார். முப்பதாம் நாள் சாப்பிடவில்லை. "கட ஓடல போல. கல்யாணத்த வச்சுக்கிட்டு ஒத்தச் சேலையோட தெனமும் வந்து அழுகுது. நான் இங்கன பூண்டக் காத்துக்கிட்டு கெடக்கேன்" என்றார். அப்புறம் மேசைக்கால் அடியிலிருந்து பத்திரிகையை எடுத்து மஞ்சள் தடவிச் சாமி படத்தடியில் வைத்தார். மேசை இப்போது ஆடுகிறது. ஆடட்டும்.

நாளை வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் அவர் அங்கே வருகிறார் மதினி. கொடைக்கானல் போய் உங்களுக்கு ஆறு சேலை எடுத்திருக்கிறார். "பச்ச மட்டும் எடுக்கல, அதுதான் இருக்கே" என்றார். கூடவே அரை மூட்டைப் பூண்டும் வருகிறது. எனக்காக ஒன்று செய்யுங்கள். வாசலில் வைத்து எதுவும் கேட்காதீர்கள். இந்தத் தடவை பூண்டைத் தட்டில் வையுங்கள். தாய்மாமன் இல்லாமல் ஸ்வேதா மணவறை ஏறினாள் என்ற பேச்சு நம் இரண்டு வீட்டுக்கும் வேண்டாம். நீங்கள் தினமும் வந்து நின்றது வீண் போகவில்லை.

ஸ்வேதாவுக்கு என் ஆசி, அண்ணனுக்கு என் கும்பிடு. மலையாண்டவன் எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கட்டும்.

இப்படிக்கு,
குப்பம்மாள்

பின்குறிப்பு: இதை எழுதி மடித்தது காலையில். மத்தியானம் ரம்யா போன் செய்தாள். ஜி.பி. சைபர் என்று பெருமையாகச் சொன்னேன். நோட்டில் எழுதியிருந்ததைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "அம்மா, அது லைவ் இல்லம்மா. சிக்காம இருக்கட்டும்னு ஒரு நாள் தேர டவுன்லோடு பண்ணி வச்சேன். நாப்பது நாளா அந்த ஒரு நாளத்தான் பாத்துருக்கீங்க" என்றாள். நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தொண்ணூற்று மூன்று பூ. வழுக்கைத் தலைக்காரர் ஒரே ஒரு கொட்டாவிதான் விட்டிருக்கிறார், பாவம். நீங்களும் ஒரு நாள்தான் கோயிலுக்கு வந்திருக்கிறீர்கள். கண்ணில் கற்பூரப் புகை பட்டதோ என்னவோ.

அவரிடம் சொல்லவில்லை. சேலைக் கட்டை இரண்டு தடவை பிரித்துக் கட்டிவிட்டார். முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன், "எந்த முழங்கால்?" என்கிறார். ஆக, நேராகப் பார்த்த முதல் நாளையும் சேர்த்து வேண்டுதல் நாற்பத்தொரு நாளா, இரண்டு நாளா என்ற கணக்கை முருகனிடமே விட்டுவிட்டேன். எங்கள் ஊர் முருகானந்தத்தின் காய்கறி வண்டி விடியுமுன்னே பழனி வழியாக ஒட்டன்சத்திரம் போகிறது. பஸ்ஸுக்கு முன்னால் இந்தக் கடிதம் உங்கள் கடைக்கு வந்துவிடும். மதினி, படித்ததும் அடுப்பில் போட்டுவிட்டு அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது முந்தானையால் ஒரு தடவை கண்ணைத் துடையுங்கள், போதும். இரண்டாவது தடவை தானாக வரும்.