மஞ்சள் மீசை

நான்காவது எலியை வைத்ததும் தராசு முனகியது. எட்டாவதை ராஜலிங்கம் இரண்டு கையாலும் தூக்க வேண்டியதாயிற்று.

“என்ன ராஜலிங்கம் அண்ணை இது?” என்றார் டாக்டர் மதனி. “தேயிலைச் சாறு குடிச்சதுகள் பூசணிக்காய் மாதிரி இருக்குதுகள். வெறுந்தண்ணி குடிச்சதுகள் ஈர்க்கு மாதிரி இருக்குதுகள்!”

பேராதனையிலிருந்த அந்தச் சிறிய ஆய்வுகூடத்தில் மூன்று மாதமாக நடந்தது ஒரே காரியம்தான். பச்சைத் தேயிலையிலுள்ள கேட்டெச்சின் என்ற பொருள் உடம்பில் கொழுப்பு உண்டாவதைத் தடுக்குமா என்று பார்ப்பது. எட்டு எலிகளுக்குத் தேயிலைச் சாறு, எட்டு எலிகளுக்குத் தண்ணீர். காலை ஏழு மணிக்குப் புட்டிகளை நிரப்புவது ராஜலிங்கத்தின் வேலை. ஏழரைக்கு அறையைக் கூட்டித் துடைக்க மஹய்யாவவிலிருந்து வேலாயி வருவாள்.

“தராசுதான் பிழை,” என்று மதனி தன்னைத் தேற்றிக்கொண்டார். “வெள்ளிக்கிழமை பேராசிரியருக்கு முன்னால திரும்ப நிறுப்பம். ஆய்வு வெண்டால் அண்டைக்கே உங்களுக்கு நிரந்தர நியமனம். தோத்தால் ரெண்டு பேரும் வீட்டை போவம். அதுசரி, உதுகளின்ர மீசை ஏன் மஞ்சளா இருக்கு?”

“சாறு புடிச்சிருக்கும் மிஸ்.”

மதனி போனதும், வாளியோடு உள்ளே வந்த வேலாயிக்கு முன்னால் ராஜலிங்கம் கதிரையில் சரிந்தார். தராசு பிழையில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“தெனமும் கருப்பட்டி குடுத்தேன் வேலாயி.”

“எலிக்கா?”

“பின்ன? சீனியில்லாத தேத்தண்ணி! எங்க புசல்லாவ தோட்டத்துல, பொண்ணு பார்த்துட்டு வேணாம்னு சொன்னவனுக்குக்கூட கடிச்சுக்க ஒரு துண்டு கருப்பட்டி குடுத்துதான் அனுப்புவாங்க. எப்படி மனசு வரும்?”

வேலாயி சிரித்த சிரிப்பில் அவள் வளையல் கழன்று வாளிக்குள் விழுந்தது. “இதுக்கு இதே பொழப்பு,” என்று எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கருப்பட்டியை நிறுத்தினார். எட்டு எலிகளும் புட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தன. தோட்டத்து வேலைநிறுத்தத்தில்கூட அவ்வளவு ஒற்றுமையை அவர் கண்டதில்லை.

புதன்கிழமை வேறு யோசனை வந்தது. இவற்றை இளைக்கவைக்க முடியாவிட்டால் அவற்றைக் கொழுக்கவைக்கலாமே! தண்ணீர்க் கூட்டுக்குள் ஒரு முழு வட்டுக் கருப்பட்டியை வைத்தார்.

“அண்ணே, இது நல்லதுக்கில்ல,” என்றாள் வேலாயி, இடுப்பில் நழுவிய சேலைக்கு மூன்றாவது ஊக்கைக் குத்தியபடி.

வியாழக்கிழமை காலை தேயிலைக் கூடு காலி. மணம் பிடித்த எட்டும் கம்பியைக் கடித்து அடுத்த கூட்டுக்குக் குடிபோயிருந்தன. பதினாறும் ஒன்றையொன்று நக்கிக்கொண்டிருந்தன. வாலில் இட்டிருந்த மை அடையாளங்கள் பாகோடு பாகாகப் போய்விட்டன. ராஜலிங்கம் சாமியைக் கும்பிட்டார். சாமி வரவில்லை. அவரே பிரித்தார்: ஒல்லி எட்டும் தேயிலைக்கு, குண்டு எட்டும் தண்ணீருக்கு.

வெள்ளிக்கிழமை தராசு தங்கமாக நடந்துகொண்டது.

“பாத்தீங்களே சேர்! தேயிலை குடிச்சதுகள் எல்லாம் மெலிவு!” மதனி துள்ளாத குறை. நியமனக் கடிதத்தை மேசையில் விரித்துப் பேனாவையும் திறந்துவிட்டார்.

பேராசிரியர் நவரட்ணராஜா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

“ஓம், மெலிவுதான். ஆனால் பிள்ளை, வெறுந்தண்ணி குடிச்ச குண்டனுகளுக்கு என்னெண்டு மீசை மஞ்சளாச்சு?”

ராஜலிங்கத்தின் வாய் தானாகத் திறந்துகொண்டது. கருப்பட்டி, வேலைநிறுத்தம், குடிபெயர்வு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

“ஆனா ஒண்ணு சேர்! சாறு மட்டும் ஒரு நாள்கூட நான் தவறவிடல. எங்க அம்மா சத்தியமா!”

பேராசிரியர் தேயிலைச் சாற்றுப் புட்டிக்குள் விரலை விட்டு முகர்ந்தார், நாக்கில் வைத்தார்.

“சாறோ? இது மஞ்சள்தூள் கரைச்ச தண்ணி!”

மதனி பேனாவை மூடினார். அந்தச் சத்தம் ராஜலிங்கத்தின் நெஞ்சில் விழுந்தது.

கதவோரம் நின்ற வேலாயி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். ஊக்குகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அண்ணன ஒண்ணும் சொல்லாதீங்க மிஸ். மூணு மாசமா எலிக்கு மஞ்சத்தண்ணிய ஊத்தி வச்சிட்டு அந்தச் சாற நான்தான் குடிச்சேன். தொண்ணூறு கிலோ இருந்தவ இப்ப எழுவது. நம்பலேன்னா அந்த எலியள எறக்கிட்டு என்னயத் தராசுல ஏத்திப் பாருங்க!”