பதினேழில் எட்டு போனால்

"பதினேழுல எட்டு போனா எத்தனை?"

"ஏழு டீச்சர்!" என்றது மூன்றாம் வகுப்பு, காலை ஜெபம் பாடுகிற அதே ராகத்தில்.

லூர்துராணி டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள். அன்று திங்கள். வெள்ளிக்கிழமை வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார்.

"அதுக்குள்ள கழித்தல் வரலன்னா இந்த கிளாஸ லின்சி மிஸ்ஸுக்குக் குடுத்துருவேன். நீங்க ஆபீஸ்ல ரிஜிஸ்டர் எழுதுங்க" என்று ஹெச்.எம். பெனடிக்ட் வகுப்பு வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். முப்பது பிள்ளைகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

கையால் தொடாத கணக்கு மண்டையில் ஏறாது என்பது லூர்துராணியின் கட்சி. மதியமே புளியங்கொட்டை கொடுத்தாள். ஆசீர் எட்டைக் கழித்தான். கழித்ததில் ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டான். அதை வெளியே எடுப்பதற்குள் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் ஆகிவிட்டது.

மூக்கில் போகிற சாமான் வேண்டாம், வாயில் போகிற சாமான் போதும் என்று செவ்வாய்க்கிழமை அவித்த கடலை கொண்டுவந்தாள்.

"பதினேழு எண்ணி வைங்க. எட்டை எடுத்துத் தின்னுங்க. மீதி?"

மணி பதினொன்று. நல்ல பசி நேரம். மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒம்..." என்று ஆரம்பித்த ஆசீரின் காலைப் பக்கத்திலிருந்த ருக்ஸார் மிதித்தாள்.

"பத்து டீச்சர்!"

"பத்தா? இந்தா, இன்னொரு பிடி. மறுபடி எண்ணு."

மறுபடி எண்ணியதில் பத்து பதினொன்றாகியது. புதன்கிழமை இரண்டு மடங்கு கடலை. விடை பன்னிரண்டுக்கு ஏறியது.

"எண்ணத் தெரியாத கழுதைங்களா!" என்று கத்தியவளுக்குச் சட்டென்று அம்மா ஞாபகம் வந்தது. அது அம்மாவின் வார்த்தை.

அம்மா காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில் கூடை சுமந்தவள். பொழுது சாயும்போது அடிபட்ட கொய்யாப் பழங்களை முந்தானையில் முடிந்து வருவாள். வீட்டில் பிள்ளைகள் ஐந்து, அம்மாவோடு ஆறு பேர். முந்தானையில் எப்போதும் ஐந்து பழம். "எண்ணத் தெரியாத கழுத நான், என்னைச் சேர்க்க மறந்துட்டேன் பாரு!" என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஒரு நாள் தவறாமல் மறந்தாள். பிள்ளைகள் கொய்யாவைக் கடித்துக்கொண்டே விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இன்றைக்கும் கொய்யா என்றால் லூர்துராணிக்கு வெங்காயச் சாக்கு வாசனையும் சேர்ந்தே வரும். அம்மாவுக்கு வராத கணக்கை ஊர்ப் பிள்ளைகளுக்காவது வரவைக்கவேண்டும் என்றுதான் டீச்சருக்குப் படித்தாள்.

வியாழக்கிழமை அதே மார்க்கெட்டிலிருந்து ஒரு தார் பூவன்பழத்தை பஸ்ஸில் ஏற்றி வந்தாள். குழுவுக்குப் பதினேழு. எட்டைத் தின்றார்கள்.

"மீதி பதிமூணு டீச்சர்!"

தோல்களைத் தாண்டித் தாண்டி ஹெச்.எம். உள்ளே வந்தார்.

"கிளாஸா இது, கல்யாணப் பந்தியா? நாளைக்கு ஒரு கடலைத் தோல கண்டாலும் லின்சி மிஸ்தான்!"

வெள்ளிக்கிழமை. வெறும் மேசை. அலுவலர் கேட்டார்.

"பதினேழுல எட்டு?"

"ஒம்பது சார்!"

"முப்பத்திரெண்டுல பதினஞ்சு?"

"பதினேழு சார்!"

"அறுபதுல இருபத்தேழு?"

அவர் வாயை மூடுவதற்குள் முப்பத்துமூன்று வந்து விழுந்தது.

"இந்த டீச்சர இந்த கிளாஸ விட்டு அசைக்காதீங்க சார்" என்று ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டு அலுவலர் போனார்.

லூர்துராணி ருக்ஸாரைத் தனியாக இழுத்தாள்.

"எப்பலேருந்துடி தெரியும்?"

"மொத நாள் கடலையிலேயே டீச்சர். சரியா சொன்னா அடுத்த பிடி வராதுல்ல? இன்னிக்கு தப்பா சொன்னா நீங்களே போயிருப்பீங்க."

"அடிப்பாவி! நெசமாவே உங்களுக்கு எண்ணத் தெரியலன்னுல்ல நெனச்சேன்!"

ருக்ஸாருக்கு டீச்சரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

"தெரியாம எண்ணுனா ஒரு நாளாவது சரியா வந்துருமே டீச்சர். தெனமும் தப்பா எண்ணுறவங்க, தெரிஞ்சேதான் எண்ணுவாங்க."